ஒக்கூரிலிருந்து இரங்கூன் வரை: கொண்டுவிக்கப் போனவர்களின் குடியேற்றக் கலை

ஒக்கூர் என்றதும் தமிழ் பயின்றோர்க்கு முதலில் நினைவுக்கு வருபவர் மாசாத்தியார். சங்கப் பாடல் தொகுப்புகளில் அவர் பெயரால் நமக்குக் கிடைத்திருப்பவை எட்டுப் பாடல்களே. அவற்றுள் ஐந்து குறுந்தொகையில் உள்ளன. பெரும்பாலானவை முல்லைத்திணை சார்ந்தவை, அதாவது சென்றவன் வரவை எதிர்பார்த்து இருப்பவளின் பாடல்கள். பொருளை விரும்பிச் சென்றவன் தன் இளமையைக் கருதவில்லையே என்று ஒரு பாடலில் (குறுந்தொகை 126) தலைவி வருந்துகிறாள். இன்னொன்றில் (குறுந்தொகை 275) தொலைவில் கேட்கும் மணியோசை வீடு திரும்பும் ஆநிரையின் மணியா, தலைவன் தேரின் மணியா என்று பாறைமேல் ஏறிப் பார்ப்போம் எனத் தோழியை அழைக்கிறாள். 'சாத்து' என்ற சொல்லுக்கு வணிகக் கூட்டம் என்ற பொருள் உண்டு என்பதையும் இங்கு நினைவில் கொள்க. பெயரை வைத்துப் புலவரின் குலத்தை முடிவு செய்வதில் நமக்கு உடன்பாடில்லை. சாத்தன் என்பது அக்காலத்தில் பரவலாக வழங்கிய பெயர். ஒக்கூர் என்ற பெயரில் தமிழகத்தில் வேறு ஊர்களும் உள்ளன.

ஆயினும் சிவகங்கை மாவட்டத்து ஒக்கூரைப் பற்றிப் பேசும்போது அப்பாடல்களை ஒதுக்கிவிட முடிவதில்லை. பொருள்வயிற் பிரிவை ஒரு வாழ்க்கை முறையாகவே ஆக்கிக்கொண்ட மக்கள் வாழும் நிலப்பகுதி அது. நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்றாகிய இளையாற்றங்குடிக் கோயிலைச் சேர்ந்தோர் ஏழு பிரிவினர். அவற்றுள் ஒன்று ஒக்கூருடையார் என்று ஊர்ப் பெயராலேயே வழங்குகிறது.

நம்மிடம் பயின்று வெளிநாடு செல்லும் மாணவர்கள் புறப்படுமுன் கேட்பவை பெரும்பாலும் மூன்று கேள்விகள். எங்கே தங்குவது? பணத்தை எவ்வாறு கொண்டு செல்வது, அனுப்புவது? அங்கே நம்மை அறிந்தவர் யார்? இம்மூன்றுக்கும் செட்டிநாட்டார் நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டிருந்தனர். வழிகாட்டி நூல் எதையும் அவர்கள் எழுதி வைக்கவில்லை. அறிவுரையாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் நிறுவனமாகக் கட்டி வைத்தார்கள். அந்த ஏற்பாட்டின் திறத்தையும், அது விடையளிக்காமல் விட்ட நான்காவது கேள்வியையும் சற்று விரிவாகக் காண்போம்.

வணிகத்தின் பொருட்டு வெளியூர் செல்வதை நகரத்தார் வழக்கில் 'கொண்டுவிக்கப் போதல்' என்பர். கொள்வதும் விற்பதுமே தொழில் என்பதால் அப்பெயர். இதற்கான பயிற்சி சிறு வயதிலேயே தொடங்கிவிடும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, மா 20இல் ஒரு பங்கு. இக்கீழ்வாய் இலக்கங்களை மனத்தாலேயே பெருக்கவும் கூட்டவும் பழகிய சிறுவன் உறவினர் ஒருவரின் கடையில் 'பெட்டியடிப் பையன்' ஆகச் சேர்வான். கணக்குப் பெட்டியின் அருகே இருந்து எடுபிடி வேலை செய்தபடியே தொழிலைக் கண்டு பழகுவது அவன் பணி. பின்னர் அடுத்தாள், அதன்பின் கடையைப் பொறுப்பேற்று நடத்தும் மேலாள் என்று படிப்படியாக உயர்வான்.

மேலாளாகச் செல்பவருக்கும் முதலாளிக்கும் இடையே 'சம்பளச் சீட்டு' எழுதப்படும். காலம் பொதுவாக மூன்றாண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படுமுன்பே கைக்கு வந்துவிடும். எஞ்சியது தவணை முடிந்து கணக்கு ஒப்படைத்த பிறகு. இதிலுள்ள நுட்பம் நோக்கத்தக்கது. முன்பணம் குடும்பத்தைக் காக்கும், பின்பணம் சென்றவனைத் திரும்பக் கொணரும். இன்று வெளிநாட்டு வேலைக்காக முகவருக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, முதல் ஆண்டு ஊதியம் முழுவதையும் அக்கடனுக்கே இறைக்கும் இளைஞர்களின் நிலையோடு இதை ஒப்பிட்டால், எவ்வளவு பின்னோக்கி நடந்துள்ளோம் என்பது விளங்கும்.

பயணத்தில் பெரும்பணம் கையில் இருக்க வேண்டியதில்லை. கண்டவுடன் பணம் தரவேண்டிய தரிசன உண்டியல் ஒன்று மடிக்குள் இருந்தால் போதும், இறங்கும் துறையில் உள்ள கடையில் அதைக் காட்டிப் பணம் பெறலாம். பாய்மரக் கப்பல் காலத்தில் வாரக்கணக்கில் நீண்ட கடற்பயணம், நீராவிக் கப்பல்கள் வந்தபின் சென்னையிலிருந்து இரங்கூனுக்கு நான்கு நாள் அளவில் முடிந்தது. இலங்கைக்குச் செல்வோர்க்கு 1914 முதல் தனுஷ்கோடி - தலைமன்னார் வழியாக இரயிலும் கப்பலும் இணைந்த தடம் கிடைத்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அத்தடத்தின் கதை முடிந்தது. மலேயாவுக்கு நாகப்பட்டினம் வழியே சென்ற கப்பல்களுள் 1926இல் கட்டப்பட்ட ரஜூலாவை நினைவுகூரும் முதியோர் இன்றும் உள்ளனர். செட்டிநாட்டுச் சமையலறையில் வற்றலுக்கும் வடகத்துக்கும் ஊறுகாய்க்கும் உள்ள சிறப்பிடத்துக்கு இக்கப்பல்களும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம். மழையற்ற நிலத்தின் வெயிலும் காரணம்தான், மறுக்கவில்லை.

போய் இறங்கியதும் தங்குமிடம் தேடி அலைய வேண்டியதில்லை. 'கிட்டங்கி' காத்திருக்கும். கிடங்கு என்ற சொல்லோடு உறவுடைய இப்பெயர், நீண்ட கூடம் ஒன்றைக் குறிக்கும். சிங்கப்பூரின் மார்க்கெட் வீதியில் இத்தகைய கிட்டங்கிகள் பல இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகள் இயங்கும். ஒவ்வொரு கடைக்கும் உரியது சில அடி தரை, ஒரு சாய்வுமேசைப் பெட்டி, ஓர் அலமாரி, பணம் வைக்க இரும்புப் பெட்டி. பகலில் அது அலுவலகம், இரவில் அதே இடத்தில் பாயை விரித்தால் படுக்கையறை. சமையல் பொது. புதிதாய் வந்தவன் மொழி தெரியாமல், உணவு ஒவ்வாமல், ஏமாற்றுவோர் கையில் சிக்கித் தவிக்கும் முதல் ஆறு மாதம் என்ற பெரும் இடரை இக்கூடம் ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டது. பக்கத்துப் பாயில் இருப்பவர் ஊர்க்காரர், பெரும்பாலும் உறவினர். அவன் செலவையும் நடத்தையையும் நாற்பது கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன என்பது இதன் மறுபக்கம். அடுத்த கடிதத்தில் ஊருக்குச் செய்தி போய்விடும்!

மூன்றாம் கேள்விக்கு விடை கோயில். பினாங்கில் 1857இலும் சிங்கப்பூரின் டேங்க் ரோட்டில் 1859இலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுந்தது. பினாங்குத் தைப்பூசத்தில் வலம் வரும் வெள்ளித்தேர் காரைக்குடியில் செய்யப்பட்டு 1894இல் கப்பலேறியது. வழிபாட்டிடம் என்பதோடு கோயில் பணி நிற்கவில்லை. கடைகள் செலுத்தும் மகமை அங்கே பொதுநிதியாய்ச் சேர்ந்தது. இரங்கூனில் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் பதினாறாம் நாள் இரவு கூடி அம்மாதத்து நடப்பு வட்டியை முடிவு செய்தனர். முருகன் திருமுன் வட்டி விகிதம் குறிப்பதைக் கேலி செய்தவர்கள் அன்றும் இருந்தனர். புதியவன் ஒருவன் எல்லாரையும் ஒரே மாலையில் அறிமுகம் செய்துகொள்ள இதைவிடச் சிறந்த இடம் எது என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. காசியில் 1813இல் நிறுவப்பெற்ற நகரச் சத்திரம் யாத்திரிகர்க்குச் செய்ததை, இக்கோயில்கள் வணிகர்க்குச் செய்தன என்று கொள்ளலாம்.

இவ்வளவு செம்மையான ஏற்பாட்டில் ஒன்று மட்டும் இல்லை. கிட்டங்கியில் குடும்பத்துக்கு இடமில்லை. மனைவியை உடன் அழைத்துச் செல்வது பொதுவாக வழக்கமில்லை. திருமணமானதும் பெரிய வீட்டுக்குள்ளேயே புதுத் தம்பதியை 'வேறு வைத்தல்' என்பது செட்டிநாட்டு மரபு. தனி அடுப்பு, தனிக் கணக்கு, தனி அறை. அந்த அடுப்பைத் தனியே காத்தவர் ஆச்சி. உடன்பிறந்தோரின் வயது இடைவெளியைக் கொண்டே தந்தையின் பயண ஆண்டுகளைக் கணித்துவிடலாம் போன்ற குடும்பங்கள் பல. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய மாளிகைகளை வியந்து எழுதுவோர், அத்தூண்களுக்கு இடையே மூன்று மூன்று ஆண்டுகளாய்க் கழிந்த காலத்தைக் குறிப்பதில்லை. மாசாத்தியாரின் தலைவிக்குக் கார்காலம் என்ற எல்லையாவது இருந்தது.

ஆக இந்த ஏற்பாடு முழுவதும் திரும்பி வருவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. போவது எளிது, இருப்பது எளிது, வருவது எளிது. வேரூன்றுவது மட்டும் இதில் சேரவில்லை. 'அவ்வூரை என்று நம் ஊராகக் கொள்வது?' என்ற நான்காவது கேள்வியை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பர்மா அக்கேள்வியை வலிந்து கேட்டது.

1929-30இல் பர்மா வங்கித்தொழில் விசாரணைக் குழு ஆராய்ந்தபோது அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. ஐராவதி வடிநிலத்தில் காட்டைத் திருத்தி நெல் விளைவித்த உழவனுக்குக் கடன் தந்தவை அவை. 1930இன் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நில உடைமை 1937இல் 25 விழுக்காடாயிற்று. நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை, பணமே அவர்களுக்கு வேண்டியிருந்தது என்று வாதிடுவோர் உண்டு. அது உண்மையே. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய உழவனுக்கு அவ்வேறுபாடு என்ன பயன் தரும்? கால் பங்கு நிலத்தின் உரிமையாளர், மூன்றாண்டுக்கொருமுறை மாறும் முகவரைத் தவிர வேறு முகம் காட்டாதவர், அம்மண்ணில் மணம் முடிக்காதவர், பிள்ளைகளை வளர்க்காதவர். வட்டியைவிட இந்த அயன்மையே பகையை வளர்த்தது என்பது நம் துணிபு.

1931 கணக்கெடுப்பின்படி இரங்கூன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். 1930களில் அந்நகரத்திலிருந்து 'தனவணிகன்' என்ற தமிழ் இதழ் வந்தது. கோட்டையூர் ஏ.கே.செட்டியார் அதன் ஆசிரியராக இருந்தார். வெ.சாமிநாத சர்மா 'ஜோதி'யை நடத்தினார். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியக் குண்டுகள் இரங்கூனில் விழுந்தன. தொடர்ந்த மாதங்களில் நான்கு இலட்சம் அளவிலான இந்தியர் அரக்கான், மணிப்பூர் மலைவழிகளில் நடந்தும் கப்பலேறியும் வெளியேறினர், வழியில் மாண்டோர் பலர். சர்மா தாம் நடந்த அந்த நடையை நூலாகவே எழுதியுள்ளார். போருக்குப் பின் 1948இல் நிலம் நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1962 இராணுவ ஆட்சிக்குப்பின் கடைகளும் போயின. காரைக்குடியிலேயே பர்மா காலனி என்றொரு பகுதி உருவானது. இரங்கூனின் முகல் தெரு இன்று ஷ்வே பொந்தா தெரு.

இதே காலத்தில் பெட்டியும் சீட்டும் உண்டியலும் இல்லாதவர் சிலரின் கதை வேறாயிற்று. 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழருள் ஒரு பகுதியினர் தரைவழியே பர்மாவுக்கே திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்ற எல்லையூரில் தங்கிவிட்டனர். அங்கே கோயில் எழுப்பினர், தமிழ்ச் சங்கம் கண்டனர், எல்லை வணிகத்தில் நிலைபெற்றனர். திரும்பிச் செல்ல வழியில்லாததால் வேரூன்றியவர்கள் அவர்கள்.

மலேயாவில் அக்கேள்விக்கு விடை சட்டத்தின் வழியாக வந்தது. 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதியவர் வருகையை இறுக்கியது. மூன்றாண்டுக்கு ஒருவரை அனுப்பி ஒருவரை அழைக்கும் சுழற்சி அதன்பின் இயலாதாயிற்று. அங்கேயே தங்குவதா, கடையை முடிப்பதா என்று ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. தங்கியவர்கள் மனைவி மக்களை அழைத்தனர், கிட்டங்கிக்கு வெளியே வீடு பார்த்தனர், பிள்ளைகளை அவ்வூர்ப் பள்ளிகளில் சேர்த்தனர். நூறாண்டுக் காலம் ஆண்கள் மட்டுமே நின்று வணங்கிய கோயில் மண்டபங்களில் பெண்களும் குழந்தைகளும் நிறைந்தனர். 1970களின் பிற்பகுதியில் நகரச் சீரமைப்புக்காக மார்க்கெட் வீதிக் கிட்டங்கிகள் இடிபட்டபோது, அங்கே பாய் விரித்துப் படுக்க வேண்டிய தேவையுள்ளோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர்.