சிலாவத்துறைக் கரையும் குடிப்பெயர் ஆராய்ச்சியும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, ஈழப் பெருநிலத்தின் மேல்கரையிலே, அருவியாறு கடலொடு கலக்கும் இடத்தையடுத்து அரிப்பு என்னும் ஊரும், அதற்குத் தெற்கே சிலாவத்துறை என்னும் ஊரும் உள்ளன. முசலிப் பிரிவைச் சேர்ந்த இக்கரைக்கு எதிரே, கடலின் அடித்தலத்திற் கிடப்பனவே பண்டுதொட்டு உலகப் புகழ் பெற்ற முத்துப் பார்கள். இக்கரையோரத்திலும், மன்னார்த் தீவிலும், எதிர்க்கரையாகிய தூத்துக்குடிப் பக்கத்திலும் வாழும் கத்தோலிக்கத் தமிழரிடையே குரூஸ், பீரிஸ், மிராண்டா, பெர்னாண்டோ, ரொட்ரிகோ என்னுங் குடிப்பெயர்கள் பயின்று வருகின்றன.

இப்பெயர்களைக் கேட்போர், இவற்றை உடையாரின் முன்னோர் போர்த்துக்கேயராய் இருந்திருத்தல் வேண்டும் என எளிதில் முடிவு கட்டிவிடுவர். சொற்பிறப்பை இன்னும் ஆழமாகத் தோண்டுவோர்க்கு அதனினும் வியப்பானதொரு முடிவு காத்திருக்கிறது. ரொட்ரிகோ என்னும் பெயரும், கி. பி. 862ஆம் ஆண்டில் உருசிய நாட்டின் நொவ்கொரொட் நகரில் ஆட்சி ஏற்றான் என்று பழைய உருசிய வரலாற்றேடு கூறும் வைக்கிங் தலைவன் ரூரிக்கின் பெயரும், ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களாம். அவ்வாறாயின், மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோன் வடகடல் வீரரின் வழித்தோன்றலோ? வினா நகைப்புக்குரியதாய்த் தோன்றலாம். எனினும், ஒரு பெயர் எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது என்பதைத் தெளிந்துகொள்வதற்கு இதனினும் ஏற்ற வினா வேறில்லை.

1. வைக்கிங்கரின் ஊர்களும் பெயர்களும்

வைக்கிங்கர் என்போர் நோர்வே, தென்மார்க்கு, சுவீடன் ஆகிய வடபுல நாடுகளிலிருந்து 8ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 11ஆம் நூற்றாண்டு வரை கடல்வழியே சென்று கொள்ளையும் வாணிகமும் குடியேற்றமும் நடத்தியோர். அவர்தம் மொழியில் 'வீக்' என்பது கடற்குடாவைக் குறிக்கும். வைக்கிங் என்னும் பெயர் அச்சொல்லிலிருந்து வந்தது என்பது அறிஞர் சிலரின் கருத்து. அது பொருந்துமாயின், அப்பெயர் துறைவன் என்னும் நம் சொல்லுக்கு மிக நெருங்கியதாகும்.

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள விர்ரல் தீபகற்பத்தில், 902ஆம் ஆண்டில் டப்ளின் நகரினின்றுந் துரத்தப்பட்ட நோர்வேயர் குடியேறினர். அவர்களுடைய மொழியில் 'பி' என்பது ஊர் எனப் பொருள்படும். ஏர்பி, கிரீஸ்பி, பென்ஸ்பி, மேற்குக் கேர்பி என்னும் ஊர்கள் அங்கே இன்றுமுள. குடிகளின் அவை கூடும் வெளி எனப் பொருள்படும் திங்வால் என்ற ஊரும் அங்கே உண்டு. குடியேறினோர் தாம் குடியேறிய நிலத்துக்குத் தம் மொழியிலேயே பெயரிட்டனர் என்பதற்கு இவை சான்று.

ஆயினும், அவ்வூர்ப்பெயரைக் குடிப்பெயராய் உடையவன் எவனும் வைக்கிங்கரின் வழிவந்தோன் என்று சொல்லிவிட இயலாது. இங்கிலாந்தில் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் குடிப்பெயர் வழக்கம் வைக்கிங்கர் காலத்துக்குப் பல தலைமுறைகள் பின்னரே பரவலாக வேரூன்றியது. கேர்பி என்னும் ஊரிலிருந்து அயலூருக்குச் சென்றவன் எக்குலத்தவனாயினும் கேர்பி என்றே அழைக்கப்பட்டிருப்பான். ஆகவே, 2008இல் வெளியான ஓர் ஆய்விலே அறிஞர்கள் பெயரை மட்டும் நம்பினாரல்லர். பழைய வட்டாரப் பதிவேடுகளிற் காணப்படும் குடிப்பெயர்களையுடைய ஆடவரைத் தேர்ந்து, தந்தைவழி இறங்கும் மரபணுக் கூறுகளை ஆராய்ந்தனர். அத்தகையோரிடத்து வடபுல மரபின் பங்கு ஐம்பது விழுக்காடு வரை இருக்கலாம் என மதிப்பிட்டனர். ஊர்ப்பெயர், பதிவேடு, குருதி என்னும் மூன்றும் ஒரு முகமாய்ச் சான்று பகர்ந்த பின்னரே முடிவு பிறந்தது என்பது கருதற்பாலது.

2. ரொட்ரிகோ வந்த வழி

இனி ரொட்ரிகோ என்னும் பெயரை நோக்குக. புகழ் என்றும் அரசன் என்றும் பொருள்படும் இரு பழஞ் செருமானியச் சொற்களின் கூட்டே அப்பெயர். செருமானிய இனத்தாராகிய மேலைக் கொத்தர் 5ஆம் நூற்றாண்டில் ஐபீரியத் தீபகற்பத்திற் புகுந்து அரசு நிறுவினர். 711இல் அராபியரும் பேர்பேரரும் படையெடுத்தபோது தோல்வியுற்ற கொத்த அரசனின் பெயரும் ரொட்ரிகோ என்பதே. பெர்னாண்டோ என்பதும் அக்கொத்தர் வழிவந்த பெயராம். கொத்தரின் முன்னோர் வடபுலமாகிய 'ஸ்கண்ட்சா'விலிருந்து புறப்பட்டோர் என்று 6ஆம் நூற்றாண்டில் வரலாறெழுதிய யோர்தானிசு கூறினார். வடபுலத்தார் ரூரிக் என வழங்கியதும், போர்த்துக்கேயர் ரொட்ரிகோ என வழங்கியதும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள் ஆயினமை இவ்வாறே.

வைக்கிங்கரும் போர்த்துக்கல் நாட்டை அறியாதாரல்லர். 844இல் அவர்கள் இலிசுபன் நகரைத் தாக்கினர். ஆனால், ரொட்ரிகோ என்னும் பெயர் அவர்கள் வருமுன்னரே அந்நாட்டில் வழங்கியது. எனவே அப்பெயர் வைக்கிங்கர் தந்ததன்று. வைக்கிங்கரோடு உறவுடைய மொழி தந்தது என்பதே உண்மை. மொழியின் உறவு வேறு. மக்களின் உறவு வேறு. போர்த்துக்கல்லிலேயே ரொட்ரிகோ என்ற பெயரினர் அனைவரும் கொத்தர் அல்லர் என்றால், மன்னாரில் அப்பெயரினரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

3. கரையின் பெயர்கள் பகரும் சான்று

இனிச் சிலாவத்துறைக் கரையின் ஊர்ப்பெயர்களை ஆராய்தல் வேண்டும். சலாபம் என்னுஞ் சொல் முத்துக்குளிப்பைக் குறிக்கும்; சிலாபம் எனவும் அது வழங்கும். தெற்கே சிலாபம் என்னும் நகரின் பெயரும் அச்சொல்லோடு தொடர்புடையது என்பர். சலாபம் நடக்குந் துறை சிலாபத்துறையாகிச் சிலாவத்துறை என மருவிற்று எனக் கொள்வது ஒலிக்கும் பொருளுக்கும் பொருந்துவதாகும். ஓர் அரசனின் பெயரோ தெய்வத்தின் பெயரோ இன்றி, செய்யப்பட்ட தொழிலே ஊர்ப்பெயராய் நின்றமை இதன் சிறப்பு.

சிலாவத்துறைக்குத் தெற்கே குதிரைமலை என்னும் முனை கடலினுள் நீண்டுள்ளது. உரோமப் பேரரசன் குளோடியசின் காலத்தில், அன்னியசு புளொக்காமசு என்னும் வரி குத்தகைக்காரனின் அடிமைநிலை நீங்கிய பணியாளன் ஒருவன் காற்றால் அள்ளுண்டு இலங்கையின் இப்பூரோசு என்னுந் துறையை அடைந்தான் எனப் பிளினி எழுதினார். கிரேக்க மொழியில் அச்சொல் குதிரையின் பெயரை முதலாக உடையது. ஆதலின் அத்துறை குதிரைமலையே எனக் கருதுவோர் உளர். ஆயின் அரிப்பு என்னும் பெயரோ ஆராய்வோனை எச்சரிக்கின்றது. மணலை அரித்து முத்தெடுத்த தொழிலாலும் அப்பெயர் வந்திருக்கலாம்; கடலரிப்பாலும் வந்திருக்கலாம். இரண்டுங் கரையூர்க்குப் பொருந்துவனவே. பழைய ஆவணம் ஒன்று துணை நின்றாலன்றி, இவற்றுள் ஒன்றை உறுதி எனக் கூறுவது முறையன்று.

வடக்கே மன்னார் மாவட்டத்தில் பறங்கியாறு என ஓர் ஆறும் உண்டு. பறங்கி என்னுஞ் சொல்லின் வரலாறு நெடிது. பிராங்கர் என்பது ஒரு செருமானியக் குடியின் பெயர். சிலுவைப் போர்க் காலத்தில் மேலைநாட்டார் அனைவரையும் அராபியர் அப்பெயராலேயே குறித்தனர். அவ்வாறு குறிக்கப்பட்டோருள், 1098இல் அந்தியோக்கியாவைக் கைப்பற்றிய பொகெமொண்டு என்பானும் ஒருவன். அவனோ நோர்மானியன், 911இல் பிரான்சின் வடகரையை மானியமாகப் பெற்றுக் குடியமர்ந்த வைக்கிங்கரின் வழிவந்த குடியைச் சேர்ந்தவன். அராபியரும் பாரசீகரும் வழங்கிய அச்சொல்லே தமிழிற் பறங்கி ஆயிற்று. வைக்கிங்கரின் நிழல் மன்னார்க் கரையில் எங்கேனும் விழுந்துள்ளதெனின், அது இச்சொல்லில் மட்டுமே. அதுவும் வந்தவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. இருந்தவர் வந்தவரைச் சுட்டிய பெயர்.

4. பெயர் மாறியது எவ்வாறு?

1530களில், அராபியத் தொடர்புடைய வணிகரோடு நேர்ந்த பூசலில் முத்துக்கரைப் பரதவர் போர்த்துக்கேயரின் துணையை நாடினர். 1535ஆம் ஆண்டளவில் தொடங்கி, அவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களைப் போர்த்துக்கேயரிடம் ஆற்றுப்படுத்தியவன் சுவாம் த குரூஸ் என்பான். இவன் போர்த்துக்கேயன் அல்லன். மலையாளக் கரையிற் பிறந்த குதிரை வணிகன். போர்த்துக்கல் சென்று அங்கே ஞானஸ்நானம் பெற்று, சிலுவை எனப் பொருள்படும் அப்பெயரைப் பூண்டவன். குரூஸ் என்னும் பெயரை முத்துக்கரை வரலாற்றில் முதன்முதல் விளங்கச் செய்தவனே ஓர் இந்தியன் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

1542இல் சவேரியார் முத்துக்கரைக்கு வந்தார். 1544இல் மன்னாரிலே புதிதாகச் சமயம் மாறியோர் சங்கிலி மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டனர். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரிற் கோட்டை கட்டினர். எதிர்க்கரைப் பரதவருள் ஒரு பகுதியினரும் மன்னாரிற் குடியமர்த்தப்பட்டனர். 1658இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. இடைப்பட்ட 98 ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றோர் போர்த்துக்கேயப் பெயர்களைப் பூண்டனர். ஞானத் தந்தையின் பெயரை ஏற்பதும் வழக்காயிருந்தது. தந்தையின் பெயரைத் தன் பெயருக்கு முன்னே வைத்து வழங்கிய தமிழர்க்கு நிலையான குடிப்பெயர் என்பதே புதிது. நீரோடு வந்த பெயர் அவ்வெற்றிடத்தில் அமர்ந்து, தலைமுறை தோறும் இறங்கலாயிற்று.

இங்கே விர்ரலையும் மன்னாரையும் ஒப்புநோக்கின் உண்மை தெற்றெனப் புலப்படும். விர்ரலில் வந்தேறியோர் நிலத்தின் பெயர்களை மாற்றினர். மன்னார்க் கரையில் நிகழ்ந்ததோ இதற்கு மறுதலை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு போர்த்துக்கேயர் கோட்டை காத்திருந்தும், சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, வங்காலை, பேசாலை என்னும் ஊர்ப்பெயர்கள் போர்த்துக்கேயப் பெயர்களுக்கு இடங்கொடுத்தில. மனிதரின் பெயர்களே மாறின. நிலத்தின் பெயர் மாறாது மக்களின் பெயர் மட்டும் மாறிய இடத்திலே, வந்தது புதிய குடியன்று, புதிய சமயமே என்பது பெறப்படும்.

இதனாற் கலப்பு அறவே நிகழவில்லை எனக் கொள்ளுதலும் பிழையாம். போர்த்துக்கேயர் கீழ்த்திசையில் உள்நாட்டுப் பெண்டிரை மணந்து குடியமர்ந்ததுண்டு. குறித்த ஒரு குடும்பத்தின் முன்னோருள் அத்தகையோன் ஒருவன் இருந்திருக்கலாம். ஆனால் அதனைக் காட்டவேண்டியது திருமணப் பதிவேடு. ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்பு. வழிவழி வந்த குடும்ப ஆவணம். பெயர் ஆராய்ச்சிக்கு வாயிலாகலாம், முடிவாகாது.

5. பெயரும் உரிமையும்

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடும் வீண் முயற்சியன்று. பெயரைக் கொண்டு ஒருவனை அயலான் என ஒதுக்கும் மனப்பான்மை எந்நாட்டிலும் எளிதில் முளைப்பது. மேலைப் பெயருடையானைப் பறங்கி என்றும், அரபுப் பெயருடையானை வந்தேறி என்றும் கூறுவோர், பெயரின் பிறப்பை மனிதனின் பிறப்பாக மயங்குகின்றனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, சிலாவத்துறை உள்ளிட்ட முசலிப் பிரிவின் மக்களும் தம் ஊர்களை இழந்தனர். பலர் புத்தளப் பகுதியில் அகதிகளாய் வாழ்ந்தனர். 2009இற் போர் ஓய்ந்தபின்னர், மீண்டோர் பலர்க்குத் தம் காணிகளின் உரிமையை நிலைநாட்டுவதே பெரும்பாடாயிற்று. அந்நிலையிற் பழைய உறுதியில் எழுதப்பட்ட ஒரு காணிப் பெயரும், ஒரு பாட்டனின் பெயரும் எத்துணை மதிப்புடையன என்பதை அவர்களே நன்கறிவர்.

சலாபக் காலத்தில் இக்கரையில் வந்து கூடியோர் பலராவர். தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், மலையாளத்தாரும், பாரசீகக் குடாவிலிருந்து வந்த அராபியரும் ஒரே கடலில் மூழ்கினர். 1905ஆம் ஆண்டையொட்டிய பெருஞ் சலாபங்களின்பின் அத்தொழில் நலிந்தது. 1925இற்குப்பின் பழைய சிறப்போடு அது நிகழ்ந்ததில்லை. மூழ்கியோரின் பெயர்கள் ஐந்தாறு மொழிகளைச் சேர்ந்தன. அவர்கள் மூழ்கிய துறைக்கு மட்டும் ஒரு பெயரே நிலைத்தது. அப்பெயர் எக்குலத்தையும் சுட்டவில்லை. எல்லோரும் செய்த தொழிலைச் சுட்டியது. ஆதலின், ரொட்ரிகோ என்னும் பெயரையுடைய மன்னார்த் தமிழன் தன் பெயரில் வடபுலத்துப் பழஞ்சொல் ஒன்று உறைவதை எண்ணி மகிழலாம். தன் முன்னோரைத் தேடுவதற்கு அவன் வடகடலுக்குச் செல்லவேண்டுவதில்லை. தன் ஊர்த் துறைக்குச் சென்றாற் போதும்.