கழட்டிப் போட்ட ஸ்பிட்ஃபயரும் தாத்தாவோட ஹெரால்டும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில, இங்கிலாந்துல கவென்ட்ரிக்கு வெளியே ஒருத்தரோட வீட்டு கராஜ்ல டார்ச்சோட தரையில படுத்துக் கிடந்தேன். என் முன்னாடி இருந்தது 1968-ல செஞ்ச டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. இதைக் கார்னு சொல்றதே கொஞ்சம் அதிகம்தான். பாடி ரெண்டு மர ஸ்டாண்டு மேல, சேஸிஸ் தனியா தரையில, என்ஜின் ஒரு பலகையில, மீதி எல்லாம் அட்டைப் பெட்டிகள்ல. விலை 1,200 பவுண்டு.

நான் ஆன்சைட் வந்து ரெண்டு வருஷம் ஆகுது. கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு. வீட்டுல ஒரு பழைய போட்டோவும் இருக்கு. தாத்தா ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மேல கை வச்சு நிக்கிறார், பக்கத்துல பாவாடை சட்டையில அம்மா. அந்த வண்டி கடைசியில பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போச்சு. ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டோட தம்பி. அதனாலதான் இத்தனை ஸ்போர்ட்ஸ் கார் இருக்க, இதைப் பார்க்கப் போனேன்.

முதல்ல நான் கவனிச்சது, பாடியும் சேஸிஸும் தனித்தனியா கிடந்ததை. 1960-கள்ல இது பழைய டிசைன். அப்போ பல கம்பெனிகள் பாடியையே எலும்புக்கூடா வச்சு, சேஸிஸே இல்லாத கார்களுக்கு மாறிட்டாங்க. டிரையம்ஃப் ஏன் மாறல?

காரணம் என்ஜினியரிங் இல்ல, சப்ளையர் பிரச்சினை. டிரையம்ஃப் கார்களைச் செஞ்ச ஸ்டாண்டர்டு கம்பெனி, பாடிக்கு ஃபிஷர் அண்ட் லட்லோவை நம்பி இருந்தது. 1953-ல அந்தக் கம்பெனியைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா, உங்க ஆப் ஓடுற கிளவுடை உங்க போட்டிக் கம்பெனியே வாங்கிட்ட மாதிரி. அடுத்த புது காருக்கு முழு பாடி அடிச்சுக் கொடுக்க ஆள் இல்ல. அதனால ஹாரி வெப்ஸ்டரோட என்ஜினியரிங் டீம் வேற வழி எடுத்தாங்க. கீழ தனி சேஸிஸ், மேல துண்டு துண்டா செஞ்சு போல்ட் போட்டு மாட்டுற பாடி. துண்டுகளை வேற வேற இடத்துல செஞ்சுக்கலாம். இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி வரைஞ்சு கொடுத்தார். 1959-ல ஹெரால்டு வந்தது.

இதுல எதிர்பாராத ஒரு லாபமும் கிடைச்சது. துண்டு துண்டா இருக்கிற காரை வேற நாட்டுக்கு அனுப்பி, அங்க பூட்டுறது சுலபம். 1961-ல இருந்து சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஹெரால்டு செஞ்சாங்க. அங்க அது டிரையம்ஃப் இல்ல, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நாலு கதவு வச்ச ஹெரால்டு இந்தியாவுல மட்டும்தான் வந்தது. இங்கிலாந்துல ஒரு கம்பெனிக்கு பாடி கிடைக்காமப் போனதுக்கும் எங்க வீட்டு போட்டோவுக்கும் இப்படி ஒரு நேர்க்கோடு இருக்கு.

சரி, ஸ்பிட்ஃபயர் எப்படி வந்தது? அதே மிக்கெலாட்டி, ஹெரால்டு பாகங்களை வச்சு ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு டிசைன் பண்ணார். உள்ளுக்குள்ள அதுக்குப் பேர் 'பாம்ப்'. ஆனா 1960 கடைசியில கம்பெனிகிட்ட பணமே இல்ல, ப்ராஜெக்ட் நின்னுபோச்சு. 1961-ல லேலண்ட் மோட்டார்ஸ் கம்பெனியை வாங்கினாங்க. புது நிர்வாகம் ஃபேக்டரியைச் சுத்திப் பார்க்கும்போது, ஒரு மூலையில துணி போட்டு மூடியிருந்த அந்த மாதிரி கார் கண்ணுல பட்டதா சொல்றாங்க. 1962 அக்டோபர்ல லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில ஸ்பிட்ஃபயர் வெளிய வந்தது. 1980 வரைக்கும் சுமார் 3 லட்சத்து 14 ஆயிரம் வண்டிகள் செஞ்சாங்க.

இப்போ கராஜுக்குத் திரும்புவோம். ஹெரால்டு சேஸிஸோட ரெண்டு பக்கமும், கதவுக்குக் கீழ ஒரு இரும்புச் சட்டம் ஓடும். ஸ்பிட்ஃபயருக்காக சேஸிஸைக் குட்டையாக்கினாங்க. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 91.5 அங்குலம் இருந்தது 83 ஆச்சு. அந்தப் பக்கச் சட்டங்களையும் எடுத்துட்டாங்க. வண்டி தாழ்வா, லேசா ஆச்சு. ஆனா அந்தச் சட்டம் தாங்கின பாரத்தை யாராவது தாங்கணுமே? அந்த வேலை பாடியோட 'சில்' தலையில விழுந்தது. கதவுக்குக் கீழ பெட்டி மாதிரி ஓடுற தகடுதான் சில். தண்ணியும் சேறும் உப்பும் முதல்ல போய்ச் சேர்ற இடமும் அதுதான். 1962-ல எடுத்த டெக்னிக்கல் டெட், வட்டியை துருவா கட்டச் சொல்லுது.

அதனால ஸ்பிட்ஃபயர் பார்க்கப் போறவங்க பெயிண்டைப் பார்க்கக் கூடாது, கதவு இடுக்கைப் பார்க்கணும். பெட்டிகளுக்குப் பின்னாடி கிடந்த கதவை எடுத்து, நானும் ஓனரும் சேர்ந்து இடது பக்கம் மாட்டினோம். பின்பக்க இடுக்குல, மேல விரல் நுழையல. கீழ ரெண்டு விரல் தாராளமா போச்சு. பாடி நடுவுல தொய்ஞ்சிருக்கு. காரணமும் பக்கத்துலயே தெரிஞ்சது. துருப்பிடிச்ச சில்லை அவர் முழுசா அறுத்து எடுத்திருக்கார். ஆனா அறுக்குறதுக்கு முன்னாடி கதவு வாசலுக்குக் குறுக்க இரும்பு பார் வச்சு வெல்டு பண்ணல. நம்ம ஊர் டிங்கரிங் பட்டறையில யாரும் அப்படி அறுக்க விடமாட்டாங்க. இன்னொண்ணு, பின் சக்கரத்தை நேரா பிடிச்சு வைக்கிற கம்பியோட முன் முனை மாட்டுறது பாடியிலதான், சேஸிஸ்ல இல்ல. அந்த இடமும் பொத்தல். அதாவது பாடி கோணினா பின் சக்கரமும் கோணும்.

சேஸிஸ் ஆச்சரியம். டேப் வச்சு குறுக்குக்கோடு ரெண்டையும் அளந்தேன், சமமா இருந்தது. எங்கயும் இடி வாங்கல. முன் சக்கரம் திரும்புற 'டிரன்னியன்' மூட்டுல ஆயில்தான் விடணும், கிரீஸ் வைக்கக் கூடாது. கிரீஸ் வச்சா தண்ணி உள்ள தங்கி, ஒரு நாள் உடைஞ்சு சக்கரம் சாஞ்சிடும். துடைச்சுப் பார்த்தேன், ஆயில்தான். இவர் வண்டியை நேசிச்சவர்.

கடைசியா என்ஜின் நம்பர். மார்க் 3 ஸ்பிட்ஃபயர்னா 'எஃப்டி'ன்னு ஆரம்பிக்கணும். துணியால அழுக்கைத் துடைச்சா 'ஜிஇ'ன்னு வருது. அது ஹெரால்டு 13/60 என்ஜின். அளவு அதே 1,296 சிசி. ஆனா ஸ்பிட்ஃபயர்ல ரெண்டு கார்புரேட்டரோட 75 குதிரைசக்தி, ஹெரால்டுல ஒண்ணோட 61. ரெண்டும் ஒரே குடும்பம்தான். 1953-ல ஸ்டாண்டர்டு எய்ட்ல 803 சிசியா தொடங்கின அதே டிசைன், 948, 1,147, 1,296-னு வளர்ந்து 1,493 வரைக்கும் போச்சு. தாத்தா வண்டியில இருந்தது அந்த 948.

ஓனர்கிட்ட சொன்னேன். "சார், இது ஹெரால்டு என்ஜின்." அவர் 1994-ல வாங்கி, நாலு வருஷம் ஓட்டினவர். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சிரிச்சுட்டார். "அதான் மேடு ஏறும்போது மூச்சு வாங்குச்சா!"

கிளம்புறதுக்கு முன்னாடி பெட்டிகளைப் பார்த்தேன். மொத்தம் 23. முதல் 14 பெட்டியில அழகான கையெழுத்துல லேபிள், எந்த போல்ட் எங்கேர்ந்து வந்ததுன்னு படம்கூட வரைஞ்சிருந்தார். 15-வதுல இருந்து ஒரு எழுத்துகூட இல்ல. நம்ம கோட்ல டாக்குமென்டேஷன் நிக்கிற இடம் மாதிரியே. "என்ன சார் ஆச்சு?"ன்னு கேட்டேன். "பையன் பொறந்தான்"னார். அந்தப் பையனுக்கு இப்போ என் வயசு இருக்கும்.

நான் வாங்கல. பணம் ஒரு காரணம் இல்ல. எனக்கு வெல்டிங் தெரியாது, கராஜ் கிடையாது, வாடகை ஃபிளாட். அந்தப் பாடியை நேராக்க ஒரு பட்டறையும் சில வருஷமும் வேணும். எடுத்துட்டுப் போனா, 15-வது பெட்டியில நிறுத்தின ரெண்டாவது ஆளா நான் இருப்பேன். அவர்கிட்ட அதையேதான் சொன்னேன். சேஸிஸ் நல்லா இருக்கு, அதை மட்டும் தனியா வித்துடாதீங்க, பாடியை நிமிர்த்தத் தெரிஞ்ச ஆளுக்கு மொத்தமா கொடுங்கன்னு. பதினாலு லேபிளையும் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பி வச்சேன். அட்டைப்பெட்டி நனைஞ்சாலும் அந்த விவரம் போயிடக் கூடாது.

ராத்திரி அம்மா போன்ல, "வாங்கிட்டியாடா?"

"இல்லம்மா. ஆனா தாத்தா வண்டியோட அடிப்பாகம் எப்படி இருந்திருக்கும்னு இன்னைக்குத் தொட்டுப் பார்த்துட்டேன்."

அடுத்து நான் பார்க்கப் போறது ஓடுற வண்டி, சில் கெட்டியா இருக்கிற வண்டி. உங்க வீட்டு ஆல்பத்துல ஹெரால்டோ, பின்னாடி வந்த கெஸலோ இருந்தா, அது யார் வண்டி, எப்போ வாங்கினது, கடைசியில என்ன ஆச்சுன்னு பெரியவங்ககிட்ட இந்த வாரமே கேளுங்க. லேபிள் போடத் தெரிஞ்சவங்க இன்னும் நம்மகூட இருக்காங்க.