வழிகாட்டிச் செயலிகளும் லியோனியாவின் தெருக்களும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஏறத்தாழ 9,000 பேர் வாழும் சிறிய பேரூராட்சி லியோனியா. 2018 ஜனவரி 22 அன்று இவ்வூர், தன் தெருக்களில் ஏறத்தாழ 60 தெருக்களைக் காலை, மாலை நேரங்களில் வெளியூர் வாகனங்களுக்கு மூடியது. திறன்பேசியில் இயங்கும் வழிகாட்டிச் செயலிகளே இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. தனித்தனியே ஒவ்வொருவருக்கும் விரைவான வழியைக் காட்டும் கருவி, எல்லோருக்கும் சேர்த்து என்ன செய்கிறது என்பதை இந்நிகழ்வு விளக்குகிறது.

செயலிகளின் வருகை

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலிருந்து பொதுமக்கள் பெறும் குறிப்புகளில், அமெரிக்க அரசு பாதுகாப்புக் கருதி வேண்டுமென்றே சிறு பிழையைக் கலந்து வந்தது. 2000 மே மாதத்தில் அதை நீக்கியது. அதன் பின்னரே ஒரு வண்டி எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைத் துல்லியமாக அறிய முடிந்தது. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வெளிவந்தது. இஸ்ரேலில் தோன்றிய வேஸ் என்னும் செயலி, ஓட்டுநர்களின் திறன்பேசிகளிலிருந்தே வண்டிகளின் வேகத்தைத் திரட்டி, நெரிசல் இல்லாத வழியை உடனுக்குடன் காட்டியது. 2013இல் கூகுள் நிறுவனம் வேஸை விலைக்கு வாங்கியது.

முன்பெல்லாம் ஓர் ஊரின் குறுக்குத் தெருக்கள் அவ்வூராருக்கும், அடிக்கடி வந்து போகும் சிலருக்கும் மட்டுமே தெரிந்திருந்தன. அந்த அறியாமையே தெருக்களுக்கு ஒரு வேலியாக இருந்தது. செயலிகள் அவ்வேலியை அகற்றின.

பாலமும் ஊரும்

நியூ ஜெர்சியையும் நியூயார்க் நகரின் மன்ஹாட்டனையும் ஹட்சன் ஆற்றின் மேல் இணைப்பது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். 1931இல் திறக்கப்பட்ட இது, உலகில் மிகுதியான வாகனங்கள் செல்லும் பாலங்களுள் ஒன்று. இப்பாலத்தை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைகள் லியோனியாவை ஒட்டியே செல்கின்றன. நெடுஞ்சாலையில் வரிசை நீண்டதும், செயலிகள் ஓட்டுநர்களை ஊருக்குள் திருப்பின. வீட்டு வாசலிலிருந்து தங்கள் காரை வெளியே எடுப்பதே கடினமாகிவிட்டது என்று குடியிருப்போர் முறையிட்டனர்.

கணக்கு சொல்வது

இச்சிக்கல் செயலிகளுக்கு முன்பே அறிஞர்களுக்குத் தெரிந்ததுதான். 1952இல் ஜான் வார்ட்ராப் என்னும் பிரித்தானிய அறிஞர் சாலைப் போக்குவரத்துக்கு இரு கோட்பாடுகளை வகுத்தார். ஒவ்வொருவரும் தமக்கு விரைவான வழியையே தேடினால், இறுதியில் பயன்படும் எல்லா வழிகளிலும் பயண நேரம் சமமாகிவிடும் என்பது முதலாவது. அனைவரின் சராசரிப் பயண நேரமும் மிகக் குறைவாக இருக்கும் நிலை இரண்டாவது. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். நெடுஞ்சாலையில் செல்ல எப்போதும் 30 நிமிடம் ஆகிறது எனக் கொள்வோம். காலியாக இருக்கும் ஊர்த்தெரு வழியே 15 நிமிடம் ஆகும். அதில் நுழையும் ஒவ்வொரு 100 வண்டிக்கும் 3 நிமிடம் கூடும். 200 வண்டிகள் மட்டும் தெருவில் சென்றால் 21 நிமிடம் ஆகும். ஒவ்வொருவருக்கும் 9 நிமிடம் மிச்சம். ஆனால் அடுத்து வருபவருக்கும் செயலி தெருவையே காட்டும். 500 வண்டிகள் நுழைந்ததும் தெருவிலும் 30 நிமிடம் ஆகிவிடும். இப்போது ஓட்டுநர் எவருக்கும் ஆதாயம் இல்லை. தெருவில் குடியிருப்போருக்கு இழப்பு மட்டுமே மிஞ்சும்.

புதிய சாலை ஒன்றைச் சேர்ப்பதாலேயே எல்லோரின் பயண நேரமும் கூடிவிடலாம் என்பதை 1968இல் ஜெர்மானியக் கணித அறிஞர் டீட்ரிஷ் பிரேஸ் நிறுவினார். வரைபடத்தில் புதிதாகத் தென்படும் குறுக்குத் தெருவும் அப்படிப்பட்ட ஒரு புதிய சாலையே.

தடையும் தீர்ப்பும்

லியோனியாவின் தடை காலை 6 முதல் 10 மணி வரையும், மாலை 4 முதல் 9 மணி வரையும் நடப்பில் இருந்தது. மீறுவோருக்கு 200 டாலர் அபராதம். உள்ளூர் வண்டிகளுக்கு மஞ்சள் அட்டைகள் வழங்கப்பட்டன. தெருவைச் சட்டப்படி மூடினால் செயலிகளும் அதை வழியாகக் காட்டாது என்பதே ஊராட்சியினரின் எண்ணம். முதன்மைச் சாலைகள் திறந்தே இருந்தன. ஆயினும் வாடிக்கையாளர் வருகை குறைந்துவிட்டதாக உள்ளூர் வணிகர்கள் குறைகூறினர். வழக்கும் தொடரப்பட்டது. மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெறாத இந்தத் தடை செல்லாது என்று 2018 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிகழ்வு உணர்த்துவது

விபத்தால் சாலை அடைபடும் நாளில், செயலி காட்டும் மாற்றுவழி உண்மையிலேயே உதவுகிறது. அன்றாட நெரிசலின் நிலை வேறு. லியோனியா வழியே சென்றவர்களும் இறுதியில் அதே பாலத்தைத்தான் கடக்க வேண்டியிருந்தது. செயலியால் பாலத்தை அகலமாக்க முடியாது. வரிசையை நெடுஞ்சாலையிலிருந்து தெருவுக்கு மாற்றத்தான் முடியும். ஊராட்சியின் தடையும் அதே வரிசையை மீண்டும் வெளியே தள்ளியது. ஒவ்வோர் ஊரும் இவ்வாறே தன் தெருக்களை மூடினால், பொதுச்சாலை என்ற சொல்லுக்கே பொருள் இராது.

எனவே எந்தச் சாலை எவ்வளவு வண்டிகளைத் தாங்கும், வீடுகள் நிறைந்த தெருவில் வெளியூர் வண்டிகள் எவ்வளவு செல்லலாம் என்பவற்றை ஒரு தனி ஓட்டுநரோ, ஒரு நிறுவனமோ, ஒரு சிற்றூரோ மட்டும் முடிவு செய்வது போதாது. நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சிகளும் செயலி நிறுவனங்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய பொதுக் காரியம் இது.