ஈழம் என்னும் சொல்லின் பொருள் வரலாறு

சொற்கள் காலந்தோறும் பொருள் திரிதல் மொழியின் இயல்பு. பண்டு நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று தீய மணத்தையே குறிக்கின்றது. இத்தகைய திரிபு பேசுவோர் அறியாமலே மெல்ல மெல்ல நிகழ்வது. அரசியலால் நேரும் திரிபோ அத்தகையதன்று. ஒரு தலைமுறைக்குள் அது நிகழ்ந்துவிடுகின்றது; சொல்லை வழங்குவோர் தாம் கருதாத பொருளுக்கும் விடை கூற வேண்டியவராகின்றனர். ‘ஈழம்’ என்னும் பெயரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் ஈழத்து உணவையும் ஒன்றாகக் கூறுகின்றது பட்டினப்பாலை. ஈழத்துப் பூதந்தேவனார் பாடல்கள் அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை ஆகிய மூன்று தொகைகளிலும் இடம்பெற்றுள்ளன. முதற் பராந்தகன் மதுரையும் ஈழமும் கொண்டவன் எனத் தன் கல்வெட்டுகளிற் குறிக்கப்பெற்றான். இராசராசன், இராசேந்திரன் மெய்க்கீர்த்திகளில் ஈழமண்டலம் பேசப்படுகின்றது. சோழர் சாசனங்களில் ஈழக்காசு வழங்குகின்றது. நிகண்டுகள் இச்சொல்லுக்குப் பொன், கள் என்னும் பொருள்களையும் தருகின்றன. ‘சீகளம்’ என்னும் பாலி வடிவமே ஈழம் எனத் திரிந்தது என்பர் ஒரு சாரார். இது தமிழ்ச் சொல்லே என்பர் மற்றொரு சாரார். முன்னையோர் கொள்கை பொருந்துமாயின், ஈழம், சிங்களம் என்னும் இரு பெயர்க்கும் வேர் ஒன்றே என்பது கருதத்தக்கது. எக்கொள்கையை ஏற்பினும், பழவழக்கில் இப்பெயர் தீவு நாட்டையே குறித்தது. அதனுள் தமிழர் வாழும் பகுதியை மட்டும் பிரித்துச் சுட்டியதன்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் இவ்வழக்கே நிலவியது. 1930இல் நா. பொன்னையா தொடங்கிய இதழ் ‘ஈழகேசரி’ எனப் பெயர் பெற்றது. 1959இல் யாழ்ப்பாணத்தில் ‘ஈழநாடு’ தோன்றியது. கனக செந்திநாதனின் ‘ஈழத்து இலக்கிய வளர்ச்சி’ 1964இல் வெளிவந்தது. 1966இல் ஆ. சதாசிவம் தொகுத்த ‘ஈழத்துத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்னும் நூலை வெளியிட்டது அரசு சார்ந்த சாகித்திய மண்டலமேயாகும். இவற்றினும் வலிய சான்று ஒன்றுண்டு. பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கிய இலங்கை நாட்டுப் பண்ணிலேயே ஈழம் என்னும் பெயர் அமைந்துள்ளது. அந்நாளில் ‘ஈழத்து இலக்கியம்’ என்றோர் தம் எழுத்தைச் சிங்களவர் எழுத்தினின்றும் வேறுபடுத்த எண்ணினாரல்லர். தமிழக இலக்கியத்தினின்றும் வேறுபடுத்தவே எண்ணினர். தேசிய இலக்கியம் வேண்டும் என்ற முற்போக்குத் திறனாய்வாளரும் இத்தொடரைத் தயக்கமின்றி ஆண்டமை இதனை உறுதிப்படுத்தும்.

1976ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தனிநாட்டிற்கு வழங்கிய பெயர் ‘தமிழீழம்’. இத்தொடரின் அமைப்பு ஆராயற்பாலது. ஈழம் என்பதே தமிழர் நிலத்தைக் குறித்திருப்பின் ‘தமிழ்’ என்னும் அடை வேண்டப்படாது. அடை வேண்டப்பட்டமையே, அடையில்லாப் பெயர் அன்றும் தீவு முழுவதற்கும் உரியதாயிருந்தது என்பதைக் காட்டுகின்றது. பின்னர்ப் போராட்டக் காலத்தில் அடை நீங்கியும் பொருள் நீங்கவில்லை. ஈழம் என்ற அளவிலேயே தனிநாடு என்னும் பொருள் தோன்றலாயிற்று. 1983ஆம் ஆண்டு ஆகத்து மாதம் நிறைவேறிய ஆறாம் அரசியலமைப்புத் திருத்தம் தடுத்தது தனிநாட்டுக் கோரிக்கையையே. ஈழம் என்னும் சொல்லையன்று. எனினும், சொல்லின்மேலும் ஐயத்தின் நிழல் படிந்தது.

ஊர்ப்பெயர், நாட்டுப்பெயர்களுக்கு மட்டுமே இந்நிலை நேர்ந்தது எனக் கருதற்க. இயங்குதல் என்னும் வினையடியாகப் பிறந்த ‘இயக்கம்’ யாழ்ப்பாண வழக்கில் ஆயுதமேந்திய அமைப்பைச் சுட்டலாயிற்று. வீட்டுப் பிள்ளையைச் சுட்டிய ‘பெடியன்’ என்பதன் பன்மை அவ்வமைப்பினரைக் குறித்தது. தாய் தன் மகனை அழைத்த சொல்லே போராளியின் பெயருமாயிற்று. 2009இல் போர் முடிந்தது. சொற்களின்மேற் படிந்த பொருளோ அந்நாளிலேயே நீங்கிவிடவில்லை.

இவ்வரலாறு ஆராய்ச்சி மாணவர்க்கு இரு எச்சரிக்கைகளைத் தருகின்றது. சங்கப் பாடலிலோ சோழர் சாசனத்திலோ ஈழம் என வரும் இடத்தை 1976ஆம் ஆண்டுத் தீர்மானத்திற்கு முன்சான்றாகக் காட்டுவது பிழை. அஃதேபோல, ஐயத்திற்கு அஞ்சி, பழைய நூற்பெயர்களிலும் மேற்கோள்களிலும் ‘ஈழத்து’ என்பதை ‘இலங்கை’ என மாற்றி எழுதுவதும் பிழை. முன்னது இல்லாத பொருளை ஏற்றுகின்றது. பின்னது இருந்த பொருளை அழிக்கின்றது. இரண்டும் செய்வது ஒன்றே: ஒரு காலத்தில் அத்தீவு முழுவதையும் தம் நாடாகக் கருதித் தமிழர் வழங்கிய பெயர் இது என்பதை மறைத்தல். அவ்வுண்மை இரு தரப்பார்க்கும் இன்று இனிதாயிராமற் போகலாம். சொல்லுக்குப் பொருள் கூறுமுன் அது வழங்கிய ஆண்டைக் கூறுக என்பதே இத்துறையில் நாம் கைக்கொள்ளத்தக்க நெறியாகும்.