காடு தந்த கொன்றை

கிளிநொச்சிக்குத் தென்மேற்கே, அக்கராயன் குளத்தைச் சூழ்ந்த காட்டுப்புறம் கோடை வெயிலில் வாடி நிற்கும் வேளையில், இலையுதிர்த்துப் பொன்னிறப் பூஞ்சரங்களைத் தொங்கவிட்டு நிற்பது கொன்றை மரம். இன்று வெப்பநாடுகள் பலவற்றின் பூங்காக்களையும் வீதிகளையும் அணிசெய்யும் இம்மரம், இந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரிய காட்டுமரமேயாகும்.

சங்கப் புலவர் கொன்றையை முல்லை நிலத்துப் பூவாகக் கண்டனர். முல்லையாவது காடும் ஆனிரையும் பொருந்திய நிலம்; வன்னியின் இயல்பும் அதுவே. கார்காலத்தில் மீள்வதாகக் கூறிப் பிரிந்த தலைவன் வரவில்லை; கொன்றையோ பூத்துவிட்டது. பருவந்தப்பிப் பெய்த மழையைக் கண்டு ஏமாந்த பேதை மரம் இது என்று தோழி தலைவியைத் தேற்றுவதைக் குறுந்தொகையின் 66 ஆம் பாடலிற் காணலாம்.

கொன்றைக்காய் நீண்டு உருண்ட குழல் போன்றது. ஆயர் ஊதிய கொன்றைக்குழலைச் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை கூறுகின்றது. மேலைநாட்டறிஞரும் இவ்வடிவத்தையே கண்டு பெயரிட்டனர். ஒல்லாந்தர் ஆட்சியில், 1672 முதல் 1677 வரை இலங்கையில் வைத்தியராக இருந்த போல் ஹெர்மன் இந்நாட்டுத் தாவரங்களைத் திரட்டினார். அத்திரட்டைக் கொண்டு சுவீடன் நாட்டு லின்னேயசு 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கொன்றைக்கு அவர் 1753 இல் வழங்கிய ‘காசியா பிஸ்துலா’ என்னும் பெயரின் பிற்பகுதி, இலத்தீன் மொழியிற் குழலைக் குறிப்பதாகும்.

கேரளத்தார் விஷுவன்று கணி காண்பது இப்பூவிலே. தாய்லாந்து 2001 இல் இதனைத் தன் தேசிய மலராக ஏற்றது. இங்ஙனம் பிறர் போற்றும் மரத்தை, அது இயல்பாய் வளரும் மண்ணிலுள்ளோர் காட்டுமரமென்று ஒதுக்கிவிட்டு, மடகாசுகரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையையே படலையோரம் நாட்டுவதுண்டு. செம்மயிற்கொன்றையின் வேர் மேலாகப் படர்ந்து மதிலை வருத்தும். கிளையும் காற்றில் எளிதில் முறியும். கொன்றையோ வறட்சியைத் தாங்குவது. அதன் விதைத்தோல் தடித்தது. சிறிது தேய்த்து நீரில் ஊறவிட்டு விதைத்தல் நன்று. காயின் சதை பேதி மருந்தாதலாற் சிறுவர் அதனை உண்ணாது காத்தல் வேண்டும்.

2008 இற் போரினால் ஊரைவிட்டகன்று, பின் அக்கராயனுக்கு மீண்டவர்கள் கூரையையும் கிணற்றையுமே முதலில் நாட வேண்டியிருந்தது. இனி முற்றத்திற்கும் பாடசாலை வளவிற்கும் மரம் தேடுவோர் அயற்காட்டையே நோக்கலாம். கொன்றை நாட்டியவர் பூக்காணச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். காத்திருத்தலே முல்லை நிலத்தின் ஒழுக்கம் என்பது தமிழ் மரபு. அக்கராயன் மக்கள் அதனை அறியாதவரல்லர்.