பஸ் எப்ப வரும்? - ஒரு சின்ன வரலாறு

எங்க ஊர் திருவெள்ளறை. ஸ்டாப்பில் எனக்கு டைம் டேபிள் என்றால் அது டீக்கடை அண்ணன்தான். "சத்திரம் வண்டி இப்பத்தான் போச்சு தம்பி, அடுத்தது அரை மணி ஆகும்" என்பார். சொன்ன மாதிரியே வரும். போன செமஸ்டரில் ஒரு நாள் அண்ணன் கடை திறக்கவில்லை. வண்டி போய்விட்டதா, இனிமேல்தான் வருமா என்று தெரியாமல் நின்று, ஹாலுக்கு அரை மணி நேரம் லேட்டாகப் போய், காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பரில் கடைசிக் கணக்கைத் தொடாமலே எழுந்து வந்தேன்.

அன்றைக்கு ராத்திரி தோன்றியதுதான் இந்தக் கட்டுரை. ஒரு ஊருக்கே தேவையான தகவல் ஒரே ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கலாமா? மற்ற ஊர்களில் இதை எப்படி வெளியே கொண்டு வந்தார்கள்? தேடிப் படித்ததில் கிடைத்த கதை சுவாரஸ்யமாகவே இருந்தது.

கதை அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரத்தில் ஆரம்பிக்கிறது. அங்கே ட்ரைமெட் என்ற போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்தவர் பிபியானா மெக்ஹ்யூ. காரில் போக வழி கேட்டால் இணையம் உடனே சொல்கிறது, பஸ்ஸில் போக வழி கேட்டால் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. இந்த எரிச்சலோடு அவர் கூகுளைத் தொடர்பு கொண்டார். அங்கே கிறிஸ் ஹாரல்சன் என்ற பொறியாளரும் இதே யோசனையில் இருந்தார். 2005 டிசம்பரில் போர்ட்லாண்டை மட்டும் வைத்துக்கொண்டு கூகுள் டிரான்சிட் வெளிவந்தது.

இதற்காக அவர்கள் போட்ட வடிவம்தான் ஜிடிஎஃப்எஸ். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். உள்ளே இருப்பது வெறும் சிஎஸ்வி கோப்புகள். எக்ஸெல் தெரிந்தால் போதும். நிறுத்தங்களுக்கு ஒரு கோப்பு, தடங்களுக்கு ஒன்று, ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒன்று, எந்த டிரிப் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதற்கு ஒன்று, எந்தெந்தக் கிழமை ஓடும் என்பதற்கு ஒன்று. அவ்வளவுதான்! முதலில் அந்த "ஜி" கூகுளைக் குறித்தது. பிறகு எல்லோரும் பயன்படுத்த ஆரம்பித்ததும் "ஜெனரல்" என்று மாற்றினார்கள். காமர்ஸ் மாணவனான எனக்கு இது உடனே புரிந்தது. 1494-ல் லூகா பாசியோலி இரட்டைப் பதிவு முறையை அச்சில் ஏற்றினார். அந்த முறை பரவியதும் ஒரு வியாபாரியின் கணக்கை முன்பின் தெரியாத இன்னொருவரும் படிக்க முடிந்தது. பஸ்ஸுக்கு ஜிடிஎஃப்எஸ் செய்ததும் அதுதான்.

தகவல் திறந்ததும் என்ன நடக்கும் என்பதற்கு பாஸ்டன் நல்ல உதாரணம். 2009-ல் அந்த ஊர்ப் போக்குவரத்து நிறுவனம் சில பஸ் தடங்களின் நேரடித் தகவலை வெளியே விட்டது. சில வாரங்களுக்குள்ளேயே வெளியாட்கள் அதை வைத்துச் செயலிகள் எழுதிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ஹேக்கத்தான் வருகிறது. இந்த வார்த்தை 1999-ல் பிறந்தது. ஓபன்பிஎஸ்டி நிரலாளர்கள் பத்துப் பேர் கனடாவின் கால்கரி நகரில் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்ததற்கு வைத்த பெயர். பிறகு தரவுகளை எடுத்துக்கொண்டு ஓரிரு நாளில் ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்கிற கூட்டங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. யாரும் கேட்காமலே சில தகவல்களை அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டும் என்று அதன் 4-வது பிரிவு சொல்கிறது. 2012-ல் மத்திய அரசு தரவுப் பகிர்வுக் கொள்கையை அறிவித்தது, அரசின் திறந்த தரவுத் தளமும் வந்தது. 2013 ஏப்ரலில் திட்டக் கமிஷனே 12-வது ஐந்தாண்டுத் திட்டத்தை மக்களுக்கு விளக்க ஒரு ஹேக்கத்தான் நடத்தியது. 2018 மார்ச்சில் கொச்சி மெட்ரோ தன் அட்டவணையைத் திறந்த தரவாக வெளியிட்டது. அதே வருடக் கடைசியில் டெல்லி அரசு, ஐஐஐடி டெல்லியோடு சேர்ந்து, பஸ்களின் நேரடி இருப்பிடத்தையே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத் திறந்து விட்டது. சென்னையில் 2022-ல் மாநகரப் பேருந்துகளைக் காட்டும் செயலியும், 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் "சென்னை ஒன்" செயலியும் வந்தன. ஒன்றைக் கவனியுங்கள். செயலி வேறு, திறந்த தரவு வேறு. செயலி நாம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். தரவு கையில் இருந்தால் நாமே புதுக் கேள்வி கேட்கலாம்.

நம்ம திருச்சிக்கு என்று தனிச் சிக்கல் உண்டு. 1972-ல் பல்லவன், சேரன், பாண்டியன், சோழன் என்று அரசுக் கழகங்கள் பிறந்தன. திருச்சிக்கு 1985-ல் தீரன் சின்னமலை கழகம் வந்தது. 1997-ல் தலைவர்கள் பெயரெல்லாம் போய் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் ஆனது. ஆனால் திருச்சி டவுனில் அன்றும் இன்றும் தனியார் வண்டிகளும் சேர்ந்துதான் ஓடுகின்றன. ஆக, தகவல் ஒரே கையில் இல்லை. 2025-ல் பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையம் வேறு திறந்திருக்கிறார்கள். பழைய ஞாபகத்தை வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம்தான்.

"தகவல் இருந்தா மட்டும் புது பஸ் வந்துடுமாடா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. வராது. ஆனால் "எங்க ஊருக்கு பஸ் பத்தலை" என்று மனு எழுதினால் அது புலம்பல். "காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் இத்தனை வண்டி, நடுவில் இவ்வளவு நேரம் ஒன்றுமே இல்லை" என்று எழுதினால் அது கணக்கு. என்னோடு பிளஸ் டூ படித்த ஒரு பெண் கல்லூரியில் சேராமல் அஞ்சல் வழியில் படிக்கிறாள். சாயங்கால வண்டியை நம்ப முடியாது என்பதுதான் வீட்டில் சொன்ன காரணம். அவள் பஸ்ஸில் ஏறவே இல்லை. அதனால் எந்த டிக்கெட் கணக்கிலும் அவள் வர மாட்டாள்.

எங்க ஊர் ஸ்வஸ்திகக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். தந்திவர்ம பல்லவன் காலத்தில், ஏறத்தாழ 1,200 வருடங்களுக்கு முன்னால், கம்பன் அரையன் என்பவர் தோண்டியது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். இந்த விவரமெல்லாம் எப்படித் தெரியும்? கல்லில் எழுதி, எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தார்கள். பொதுச் சொத்து பற்றிய விவரமும் பொதுவில்தான் இருக்க வேண்டும் என்பது இங்கே புதுசு ஒன்றும் இல்லை.

அதனால் நானும் மூன்று நண்பர்களும் ஒரு முடிவு செய்திருக்கிறோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் ஸ்டாப் வழியாகப் போகிற வண்டிகளின் நேரத்தைக் கேட்டு ஒரு ஆர்டிஐ மனு. பதில் வர முப்பது நாள் இருக்கிறது. அதுவரை தினமும் காலையில் ஒருவர் ஸ்டாப்பில் நின்று நோட்டில் குறிப்பார். பிறகு எல்லாவற்றையும் அந்த ஐந்து கோப்புகளில் ஏற்றுவோம். டீக்கடை அண்ணனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "எழுதிக்கோ தம்பி, மொத வண்டி..." என்று ஆரம்பித்தார். நோட்டின் முதல் பக்கம் அவர் சொன்னதுதான்.

உங்க ஊர் ஸ்டாப்பிலும் இப்படி ஒரு அண்ணன் இருப்பார். கேட்டு எழுதி வையுங்கள்.