ஒற்றைக் கண் ஆட்டக்காரர்

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் வளைந்த மட்டையும்தான் ஞாபகத்துக்கு வரும். கனடாக்காரர்களுக்கு அப்படி இல்லை. உறைந்த பனித்தரை, எஃகுத் தகடு பொருத்திய பூட்ஸ், பந்துக்குப் பதிலாக ஒரு கனத்த ரப்பர் வில்லை. மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள அந்த வில்லை, குளிரில் இறுகிக் கல்லாகிவிடும். அடிபட்டுக் கிளம்பினால் கண்ணுக்கே தெரியாது. 1950-களில் ஆட்டக்காரர்கள் தலைக்குக் கவசம்கூட அணிவதில்லை.

அந்த வில்லைதான் வில்லி ஓரீயின் வலக் கண்ணைப் பறித்தது.

கனடாவின் கிழக்கு ஓரத்தில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து ஃப்ரெடெரிக்டனில் 1935-ல் பிறந்தவர். 13 குழந்தைகளில் கடைக்குட்டி. அமெரிக்காவில் அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு ஓடிவந்த ஒரு கறுப்பரின் வம்சம். 1955-56 பருவத்தில், கிச்சனர் நகரத்து இளைஞர் கோஷ்டிக்காக ஆடும்போது வில்லை முகத்தில் பாய்ந்தது. வலக் கண்ணில் பார்வை அநேகமாக முழுதும் போயிற்று. இனி ஆட்டமே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரீ கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். சுமார் இரண்டு மாதத்தில் மறுபடி பனித்தரையில் நின்றார். நெருங்கிய ஓரிருவரைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

தெரிந்தால் பிழைப்புப் போய்விடும். தேசிய ஹாக்கி லீகில் ஒரு கண் பார்வை இல்லாதவர் ஆடக்கூடாது என்பது விதி. போதாக்குறைக்கு, அவர் ஆடிய இடம் இடப்புற ஓரம். வில்லை பெரும்பாலும் வலப்பக்கமிருந்துதான் வரும். வலக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு தெருவில் பத்தடி நடந்து பாருங்கள், அவருடைய சங்கடம் விளங்கும். ஒவ்வொரு தடவையும் தலையை முழுதாகத் திருப்பியாக வேண்டும். அதற்குள் எதிராளி வந்து மோதிவிடுவான். அல்லது வில்லை கைநழுவிப் போய்விடும். 'ஆசாமிக்கு வேகம் இருக்கிறது, கோல்தான் விழமாட்டேன் என்கிறது' என்று பார்க்கிறவர்கள் நினைத்திருந்தால் அவர்களைக் குற்றம் சொல்லமுடியாது.

1956-ல் ஒரு பேஸ்பால் கோஷ்டி அவரைச் சோதித்துப் பார்க்க அமெரிக்காவின் தென்பகுதிக்கு, ஜார்ஜியாவுக்கு அழைத்தது. வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை தொங்கிய காலம். இரண்டு வாரத்தில் வேண்டாம் என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். கடைசி இருக்கையில் உட்கார்ந்து கிளம்பினார். பஸ் வடக்கே போகப்போக, ஒவ்வொரு இருக்கையாக முன்னுக்கு நகர்ந்து வந்தாராம். பேஸ்பால் ஆசை அந்தப் பஸ்ஸோடு தீர்ந்தது.

ஓரீயைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரு தேதியைப் பிடித்துக்கொள்வார்கள்: 1958 ஜனவரி 18. பாஸ்டன் புரூயின்ஸ் கோஷ்டியில் ஆள் குறைந்தது. கியூபெக்கில் ஆடிக்கொண்டிருந்த ஓரீயைக் கூப்பிட்டார்கள். மான்ட்ரியால் நகரத்து அரங்கில் இறங்கினார். பாஸ்டனுக்கு 3-0 வெற்றி. அந்த லீகில் ஆடிய முதல் கறுப்பர் அவர். மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தமக்கே அது தெரிந்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பருவத்தில் இரண்டே ஆட்டம். பிறகு 1960-61-ல் 43 ஆட்டங்கள், 4 கோல்கள். ஜனவரி முதல் தேதி மான்ட்ரியாலுக்கு எதிராக அவர் போட்ட கோல்தான் லீகில் ஒரு கறுப்பரின் முதல் கோல். சிகாகோவில் ஓர் எதிராளி மட்டையின் முனையால் வாயில் குத்தி முன்பற்களைப் பெயர்த்ததும் அதே பருவத்தில்தான். ஓரீ பதிலுக்கு மட்டையை ஓங்கினார். அரங்கமே அமளியாயிற்று.

அத்துடன் பெரிய லீக் முடிந்தது. மொத்தம் 45 ஆட்டங்கள்.

எனக்கு இந்த 45 ஆட்டங்களைவிட, அதன் பிறகு வந்த வருஷங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. அப்போது லீகில் மொத்தமே ஆறு கோஷ்டிகள். இருபது இருபது பேராக 120 பேருக்குத்தான் இலை. மற்றவர்கள் சின்ன லீக்குகளில் ஊர் ஊராகப் போய்க் காத்திருக்க வேண்டும். நாடகக் கம்பெனியில், ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டினால் மட்டும் மேடையேறுகிற நடிகர் ஒருவர் இருப்பார் அல்லவா? அந்த உத்தியோகம்தான்.

1961 கோடையில் பாஸ்டன் அவரை மான்ட்ரியாலுக்குக் கைமாற்றிவிட்டது. மான்ட்ரியால் சில மாதங்களில் மேற்குக் கோடிக்கு, லாஸ் ஏஞ்சலிஸ் பிளேட்ஸ் என்ற கோஷ்டிக்கு அனுப்பிவிட்டது. பனியையே காணாத ஊரில் பனி ஆட்டம்! போர்ட்லந்து, சியாட்டில், வான்கூவர் என்று சுற்றினார். அங்கேதான் வேடிக்கை நடந்தது. கோஷ்டியில் இடப்புற ஆட்டக்காரர்கள் மிகுந்துவிட்டார்கள். வலப்புறம் மாறி ஆடுகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டார். கேட்டவருக்குக் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. இடம் மாறியதும் ஆட்டம் முழுதும் நல்ல கண்ணின் பக்கம் வந்துவிட்டது. 1964-65-ல் 38 கோல்கள், லீகிலேயே அதிகம். எட்டு வருஷத்துக்கு முன்பே யாராவது தற்செயலாக அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம்தான்.

1967-ல் ஆறு கோஷ்டிகள் பன்னிரண்டாயின. 120 இடம் 240 ஆயிற்று. ஓரீக்கு அதில் ஒன்றுகூட இல்லை. ஸான் டியேகோவுக்குப் போனார். 1968-69-ல் மறுபடி 38 கோல்கள். அப்போதும் கூப்பிடவில்லை. வயது ஒரு காரணம், 33 ஆகிவிட்டது. நிறமும் ஒரு காரணமா? அவருக்கு முன்னால் அதே கியூபெக் கோஷ்டியில் பிரமாதமாக ஆடிய ஹெர்ப் கார்னகி என்ற கறுப்பருக்கு அந்த லீக் கடைசிவரை கதவு திறக்கவில்லை. ஓரீக்குப் பின் அடுத்த கறுப்பர், மைக் மார்ஸன், வந்தது 1974-ல். ஆனாலும் 'ஏன் என்னை எடுக்கவில்லை?' என்று ஓரீ உரக்கக் கேட்டிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டால் யாராவது கண்ணைச் சோதிக்கலாம் அல்லவா?

கடைசியாக ஆடியது 1978-79-ல், ஸான் டியேகோவிலேயே. வயது 43. பிறகு ஒரு ஹோட்டலில் காவல் வேலை. 1990-களில் லீகுக்கு அவர் நினைவு வந்தது. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்க ஊர் ஊராக அனுப்பியது. பழகிய பிரயாணம்தானே! 2018-ல் ஹாக்கிப் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். ஆட்டக்காரர் வரிசையில் அல்ல, ஆட்டத்தை வளர்த்தவர்கள் வரிசையில்.

2022 ஜனவரி 18 அன்று, அவர் அணிந்த 22-ம் எண்ணைப் பாஸ்டன் அரங்கின் கூரைக்கு ஏற்றினார்கள். தொற்றுநோய்க் காலம். 86 வயதுக்காரர் ஸான் டியேகோவில் இருந்தபடி, திரையில் அதைப் பார்த்தார்.